எதைத் தெரியாமல் இருந்தால் அவளுக்கு ஆபத்தோ, அதை முதலில் படியுங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறையில் போதைப்பழக்கத்திலிருந்து மீளும் பெண்களுக்கான சிறிய மறுவாழ்வு இல்லம் ஒன்றில் பணிபுரியும் இளம் ஆலோசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஆலோசனைத் துறையில் பட்டம் பெற்று மூன்றாண்டுகள் ஆகின்றன. போதைப்பழக்கத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பாடம்தான் படித்தேன். இப்போது இல்லத்தில் ஒன்பது பெண்கள் இருக்கிறார்கள். என்னோடு ஒரு தாதியும், தாமே இந்தப் பழக்கத்திலிருந்து மீண்டு இன்று சமையலறையைக் கவனித்துக்கொள்ளும் ஓர் அக்காவும் வேலை செய்கிறோம். வெளியே சான்றிதழ்ப் பயிற்சிகள் ஏராளமாக இருக்கின்றன. எனக்கோ ஆண்டுக்கு ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பு இல்லை. எதை, எந்த வரிசையில் படிப்பது?

கோலாலம்பூரில் இதே துறையில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். பயிற்சி பெறவும் பயிற்சி கொடுக்கவும் வாய்ப்புக் கிடைத்தது. உங்கள் கேள்வியில் என்னைத் தொட்ட சொல் ‘வரிசை’ என்பது. பயிற்சி அறிவிப்புகள் புகழ், புள்ளி, கட்டணம் என்று தமக்கென ஒரு வரிசையை வைத்திருக்கின்றன. அதை ஒதுக்கிவிட்டு வேறொரு வரிசையை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: எதைத் தெரியாமல் இருந்தால் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் உயிருக்கோ, வயிற்றுப் பிள்ளைக்கோ, பாதுகாப்புக்கோ கேடு வருமோ அதை முதலில் படியுங்கள். ஆலோசனை முறைகள் அதற்குப் பிறகு. சான்றிதழ் கடைசியில்.

இதை நான் அறிந்துகொண்ட விதம் இன்றும் எனக்கு வலிக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்த, நாற்பது வயதை நெருங்கிய அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். பல ஆண்டுகளாகத் தினமும் சம்சு எனும் மலிவான கடும் மதுவைக் குடித்து வந்தவர். வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார். “நாளையிலேர்ந்து தொடவே மாட்டேன் மிஸ்” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினேன். அவர் தைரியத்தை மெச்சி வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டாம் நாள் காலை அடுப்பங்கரையில் அவருக்கு வலிப்பு வந்தது. பத்து வயது மகள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதால்தான் அவர் பிழைத்தார். நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம் என்பதும், இரண்டு மூன்று நாள்களில் மனக்குழப்பமும் காய்ச்சலும் மாயத்தோற்றமுமாக உயிரையே பறிக்கும் நிலை வரலாம் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. பாராட்டத் தெரிந்திருந்தது, அதே நாளில் மருத்துவமனைக்கு அனுப்பத் தெரியவில்லை.

ஆகவே உங்கள் முதல் படிப்பு உடலைப் பற்றியதாக இருக்கட்டும். நீங்கள் மருந்து எழுதப் போவதில்லை. ஆனால் எந்தப் பொருளை நிறுத்தும்போது உயிராபத்து, எதை நிறுத்தும்போது துன்பம் மட்டும் என்பது தெரிந்தாக வேண்டும். மதுவும், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் பென்சோடயசபின் வகை மாத்திரைகளும் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றை மருத்துவரின் கண்காணிப்பில், படிப்படியாக அல்லது மாற்று மருந்தின் துணையோடு விட வேண்டும். குடியால் உடல் மெலிந்தவர்களுக்குத் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 ஏன் முதலிலேயே கொடுக்கப்படுகிறது என்பதை உங்கள் தாதியும் நீங்களும் சேர்ந்து படிக்கலாம். ஹெராயினை நிறுத்துவது கொடிய வேதனைதான். ஆயினும் பெரிய ஆபத்து நிறுத்திய பிறகுதான் காத்திருக்கிறது: சில வாரங்கள் விலகி இருந்த உடல் பழைய அளவைத் தாங்காது என்பதால், இல்லத்தைவிட்டு வெளியே போன முதல் சில நாள்களில் பழைய அளவை எடுத்துக்கொள்பவர் இறந்துபோகலாம். சியாபு, குதிரை மாத்திரை போன்ற ஊக்கிகளைப் பொறுத்தவரை, விட்ட பின் வரும் ஆழ்ந்த சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கவனிக்கத் தெரிய வேண்டும். அவற்றுக்கென அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து கிடையாது என்பதால் ஆலோசகரின் பொறுப்பு அங்கே கூடுகிறது.

பெண்ணுடல் வேறு என்பதையும் இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும். உடலில் நீரின் பங்கு குறைவாக இருப்பதால், ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் மதுவின் அளவு கூடுதலாக ஏறுகிறது. முதன்முதலாகத் தொட்ட நாளிலிருந்து அடிமையாகும் நாள் வரையிலான காலம் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறுகியதாக இருப்பதாகவும், ஈரல் கேடு விரைந்து வருவதாகவும் ஆய்வாளர்கள் நெடுநாளாக எழுதி வருகிறார்கள். “அவர் புருஷன் இருபது வருஷமா குடிக்கிறார், நல்லாத்தானே இருக்கார்” என்று குடும்பத்தார் சொல்லும்போது அமைதியாக விளக்கம் தர இந்த அறிவு வேண்டும்.

அடுத்தது கர்ப்பம். இதில் ஒரு தவறான அறிவுரை இரண்டு உயிர்களைப் பாதிக்கும். நம் நாட்டில் 2005 முதல், ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெதடோன் சிகிச்சை கொடுக்கப்பட்டு வருகிறது. மெதடோன் எடுக்கும் பெண் கருவுற்றால் மாமியாரும் தாயும், ஏன் சில சமயம் நம் துறையினரே, “பிள்ளைக்காக அதையும் நிறுத்திவிடு” என்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் பொருள்களுக்கு அடிமையான கர்ப்பிணிகளை, நிறுத்தச் சொல்வதைவிட, மெதடோன் அல்லது புப்ரனோர்பின் சிகிச்சையைத் தொடருமாறு ஊக்குவிக்க வேண்டும். திடீர் நிறுத்தம் பெண்ணைப் பழைய பழக்கத்துக்கே தள்ளும். குறைப்பிரசவ ஆபத்தும் உண்டு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மருந்தின் அளவைக் கூட்ட நேரலாம் என்பதும், பிறந்த குழந்தைக்கு வரும் நடுக்கமும் அழுகையும் எதிர்பார்க்கக்கூடியவை, மருத்துவத்துக்குக் கட்டுப்படுபவை என்பதும், மருந்தில் நிலைபெற்ற தாய் பொதுவாகத் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதும் தெரிந்த ஆலோசகர், பிரசவ அறையில் அந்தப் பெண்ணின் மீது விழும் பார்வைகளைத் தாங்க அவளுக்குத் துணை நிற்க முடியும்.

மூன்றாவது, பாதுகாப்பும் சட்டமும். இந்தப் பெண்களில் பலருக்குப் பொருளை வாங்கிக் கொடுப்பவரும் அடிப்பவரும் ஒருவரே. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்ட பின், அவசரப் பாதுகாப்பு ஆணையைச் சமூக நல அதிகாரியே, மனு கொடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் வழங்க வழி பிறந்தது. அது ஏழு நாள்கள் செல்லும். இங்கே நம்மவர்களுக்கு மிகவும் பயன்படும் ஒரு நுட்பம் இருக்கிறது. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே வாழ்ந்து வரும் பெண்கள் “எனக்குத்தான் சர்ட்டிபிகேட் இல்லையே” என்று உதவி கேட்கவே தயங்குகிறார்கள். சமயத்தின்படியோ வழக்கத்தின்படியோ சடங்கு செய்து இணைந்தவரையும் இந்தச் சட்டம் துணைவராக ஏற்கிறது. சடங்கு எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்பவருக்கு இதே வழி கிடைக்காது. அவர் குற்றவியல் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் தவறான வாசலுக்கு அனுப்பினால் அவர் மறுபடி எந்த வாசலையும் தட்டமாட்டார். பினாங்கில் 1985 முதல் இயங்கும் பெண்கள் மாற்றத்துக்கான மையமும், இங்கே 1982 முதல் இயங்கும் பெண்கள் உதவி நிறுவனமும் இந்த விஷயங்களில் ஆழ்ந்த அனுபவம் கொண்டவை. அவர்களோடு பேசிப் பழகுவதையும் தொடர்கல்வி என்றே நான் கணக்கிடுகிறேன்.

பிள்ளைகளைப் பற்றிய சட்டம் இன்னும் கவனமாகப் படிக்கப்பட வேண்டியது. சிகிச்சைக்கு வராமல் பெண்களைத் தடுக்கும் முதல் அச்சம், “பிள்ளையை எடுத்துடுவாங்க” என்பதுதான். 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் மருத்துவர், குடும்ப உறுப்பினர், குழந்தைப் பராமரிப்பாளர் ஆகியோருக்குக் கொடுமையைப் பற்றித் தகவல் தரும் கடமையை விதிக்கிறது. உங்கள் இல்லத்தில் தாய்மாரோடு குழந்தைகளும் தங்கினால் அந்தக் கடமை உங்கள் வாசல்வரை வரக்கூடும். 2017-இன் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டமோ, அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரையும் தகவல் தரச் சொல்கிறது. எது இரகசியமாக இருக்கும், எது இருக்காது என்பதை முதல் சந்திப்பிலேயே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பாதியில் சொன்னால் அது துரோகமாகவே அவருக்குத் தோன்றும். போதைப்பொருள் சார்ந்தோர் சிகிச்சை, மறுவாழ்வுக்கான 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஒருவர் தாமே முன்வந்து சிகிச்சைக்கு மனுச் செய்ய 8-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அந்தச் சட்டத்துக்கு 2024-இல் நாடாளுமன்றம் திருத்தம் நிறைவேற்றியிருக்கிறது. கல்லூரியில் படித்ததை வைத்து இனிப் பேசக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

இந்த மூன்றுக்கும் பிறகு, கேட்கும் கலை. நாம் பயன்படுத்தும் கேள்வித்தாள்கள் நம் பெண்களின் வாழ்க்கையில் எப்படித் தவறிப்போகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காட்டுகிறேன். குடிப்பழக்கத்தின் தீவிரத்தை மதிப்பெண்ணால் அளக்கும், உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆடிட் கேள்வித்தாளில் பத்துக் கேள்விகள் உண்டு. குடிக்கும் நாளில் எத்தனை ‘டிரிங்க்’ என்பது இரண்டாவது கேள்வி. பெண் “ரெண்டு போத்தல்தான் மிஸ்” என்கிறார். நீங்கள் 2 என்று எழுதினால் அந்தக் கேள்விக்குச் சுழியம் விழுகிறது. இப்போது போத்தலைக் கையில் எடுத்துப் பாருங்கள். 150 மில்லிலிட்டர், 37 விழுக்காடு ஆல்கஹால் என்று போட்டிருந்தால், ஒரு போத்தலில் இருக்கும் ஆல்கஹால் ஏறக்குறைய 44 கிராம். அந்தக் கேள்வித்தாளில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம். எனவே இரண்டு போத்தல் கிட்டத்தட்ட ஒன்பது டிரிங்க், மதிப்பெண் 3. சுழியத்துக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு பெண் நம் கண்ணெதிரே காணாமல் போகிறார். என் பயிற்சி வகுப்பில் முதல் மணி நேரத்தில் காலிப் போத்தல்களையும் கால்குலேட்டரையும் மேசையில் வைத்துவிடுவேன். எந்தச் சொற்பொழிவையும்விட அது மனத்தில் தங்குகிறது.

மொழிபெயர்ப்பும் இப்படித்தான். ‘வேட்கை’ என்று தமிழில் கேட்டால் எங்கள் பெண்களுக்குப் புரிவதில்லை. “மனசு அடிச்சிக்குதா? வேலை ஓடாம அதே நெனப்பா இருக்கா?” என்று கேட்டால் உடனே தலை நிமிர்கிறது. உங்கள் இல்லத்துப் பெண்கள் சொல்லும் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பிறைக்கும் நிபோங் திபாலுக்கும் இடையிலேயே சொல் மாறலாம். அந்த நோட்டை எந்தப் பல்கலைக்கழகமும் உங்களுக்குத் தர முடியாது.

பழைய காயங்களை மனத்தில் கொண்டு நடத்தப்படும் சிகிச்சையைப் பற்றிப் படிக்கும்போது, அதைக் காயத்தைக் கிளறும் சிகிச்சை என்று தவறாக எண்ணிவிடாதீர்கள். சிறுவயதிலோ மணவாழ்விலோ கொடுமைக்கு ஆளான பெண்ணிடம் முதல் வாரத்திலேயே “என்ன நடந்தது, முழுக்கச் சொல்லுங்கள்” என்று கேட்பது அவளை மறுபடி பொருளை நோக்கி ஓட வைக்கும். முதலில் நிலைப்படுத்தல், இல்லத்தின் பழக்கங்களைத் திருத்துவதும் அதில் அடங்கும். பையைச் சோதிப்பது யார்? எந்தக் கதவு வெளியிலிருந்து பூட்டப்படுகிறது? பதிவுத்தாளின் முதல் கேள்வி எது? நான் வேலை செய்த ஓர் இடத்தில் அது “இதற்கு முன் கைது செய்யப்பட்டதுண்டா?” என்பதாக இருந்தது. ஒவ்வொருவரும் அந்தக் கேள்வி வந்ததும் கதவைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, “பிள்ளைகள் இப்போது யாரிடம் இருக்கிறார்கள்? இன்று சாப்பிட்டார்களா?” என்று தொடங்கினோம். அழுகை வந்தது, கூடவே உண்மையும் வந்தது.

முறைகளில் ஒன்றை மட்டும் தேர்வு செய்ய வேண்டுமென்றால், மாற வேண்டும் என்ற எண்ணத்தை அவர் வாயிலிருந்தே வரவழைக்கும் உரையாடல் முறையான மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் என்பேன். ஆனால் அதைக் கற்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அதன் முன்னோடியான வில்லியம் மில்லரும் அவருடைய சகாக்களும் 140 துறையினரைக் குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வை 2004-இல் வெளியிட்டார்கள். பட்டறைக்குப் பின் தங்கள் உரையாடல் பற்றிய பின்னூட்டமோ பயிற்றுநரின் தொடர்துணையோ கிடைத்தவர்களிடம் திறன் தங்கியது. இரண்டும் கிடைத்த குழுவிடம்தான் வாடிக்கையாளரின் பேச்சிலும் மாற்றம் தெரிந்தது. பட்டறை முடிந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைந்துபோவதற்கு நாம் செலவிடும் பணத்தை எண்ணினால் மனம் வேகிறது.

என் அனுபவமும் அதுதான். சம்மதம் பெற்றுப் பதிவு செய்த என் 20 நிமிட உரையாடலை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து எழுத்தாக்கினேன். “நீங்க சொல்றது சரிதான், ஆனா...” என்று 11 இடங்களில் சொல்லியிருந்தேன். ஒவ்வோர் ‘ஆனா’வுக்கும் பின் அந்தப் பெண்ணின் பதில் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் “ம்” என்று மட்டும் இருந்தது. பத்தாண்டு அனுபவம் உள்ளவள் என்று என்னை நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அன்று முதல் மாதம் ஒருமுறை மேற்பார்வை இல்லாமல் நான் இருந்ததில்லை. உங்களிடம் அத்தகைய மேற்பார்வையாளர் இல்லையென்றால் ஜெலுத்தோங்கிலோ பட்டர்வொர்த்திலோ இதே வேலை செய்யும் இருவரைத் தேடிப்பிடியுங்கள். மாதம் ஒரு மாலை, ஒரு கேஸ், பெயரும் அடையாளமும் நீக்கி. மூத்த ஆலோசகர் ஒருவரைக் காணொளியில் இணையச் சொல்லலாம். விடுப்பே தேவையில்லை.

சான்றிதழுக்கு இப்போது வருகிறேன். ஆலோசகர் சட்டம் 1998-இன்படி பதிவும், தொழில் செய்வதற்கான அமல் சான்றும் இல்லாமல் ‘ஆலோசகர்’ என்று அழைத்துக்கொள்ளவே முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் புதுப்பிக்க வேண்டிய தொடர்கல்வியை இந்தத் துறைக்குள்ளேயே தேர்ந்தெடுங்கள். ஆசிய பசிபிக் நாடுகளின் கூட்டமைப்பான கொழும்புத் திட்டத்தின் போதைப்பொருள் ஆலோசனைப் பிரிவு 1973 முதல் இயங்குகிறது. அதன் பொதுச் சிகிச்சைப் பாடத்திட்டத்தின் அடிப்படை நிலை எட்டுப் பாடங்களைக் கொண்டது, போதைப்பழக்க ஆலோசகர்களுக்கான ஐகேப் சான்றிதழ்த் தேர்வுகளுக்கு அது வழி. அவர்களே ‘குரோ’ என்ற பெயரில், பெண்களின் மீட்சிக்காகத் தனிப் பாடத்திட்டம் ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். பொதுப் பாடங்கள் எல்லாம் முடியட்டும் என்று காத்திராமல் அதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். 2015-இல் தொடங்கிய, நம் துறையினருக்கான இஸ்சப் என்ற பன்னாட்டுச் சங்கத்தின் இணையத்தளத்தில் கட்டணமில்லாப் பாடங்கள் உண்டு. கட்டணம் உள்ளவற்றுக்கு, உங்கள் நிர்வாகம் மனிதவள மேம்பாட்டு நிதிக்கு ஊதியத்தில் 1 விழுக்காடு கட்டும் நிறுவனமா என்று கேளுங்கள். கட்டியும் கேட்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் இருக்கிறது. கெதும் (கிராத்தோம்) இலை பற்றிய அவர்களின் ஆய்வுகள் உலகம் அறிந்தவை. பொது உரை நடக்கும்போது போய் உட்காருங்கள்.

உங்கள் ஒரு வாரத்தை நானாக இருந்தால் இப்படிச் செலவிடுவேன்: இந்த ஆண்டு மூன்று நாள்கள் உடலியலுக்கும் கர்ப்பத்துக்கும், ஒரு நாள் மெதடோன் கிளினிக்கில் நேரில் உட்கார்ந்து பார்ப்பதற்கு, ஒரு நாள் சமூக நல இலாகாவிலும் பெண்கள் மையத்திலும். அடுத்த ஆண்டு குரோ. மேற்பார்வை இந்த மாதமே தொடங்கட்டும்.

ஒன்று மீதமிருக்கிறது. சமையலறை அக்காவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண் தூங்க முடியாமல் எழுந்து போனால் யாரிடம் போகிறாள்? உங்கள் அலுவலக அறை அப்போது பூட்டியிருக்கும். அவர்தான் தேநீர் போட்டுக் கொடுத்துப் பேசுகிறார். வலிப்பின் அறிகுறியையும் தற்கொலைப் பேச்சையும் முதலில் பார்க்கப்போவது அவர் கண்கள்தான். தம்முடைய பழைய நாள்கள் மறுபடி கிளறப்படும்போது அவருக்குத் துணை யார் என்பதையும் யோசிக்க வேண்டும். அடுத்த பயிற்சிக்கு இரண்டு இடங்கள் கிடைத்தால் ஒன்றை அவர் பெயரில் பதிவு செய்யுங்கள். தமிழிலோ மலாயிலோ நடக்கும் வகுப்பாகப் பாருங்கள். அந்த நாள்களில் சமையலுக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, இருவரும் ஒரே காரில் போய் வாருங்கள்.